பிறந்த திகதியும் இடமும்

சிட்னியிலிருந்து ஒரு பெடியன் எழுதியிருக்கிறான்,
ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக.
பெயர் நேதன் அரியகுட்டி.
விளையாடுவது பதின்மூன்று பேர் றக்பி.
பதினைந்து பேருடையது வேறையாம்,
இரண்டையும் ஒன்றென்றால் ஆட்கள் கோபிப்பார்களாம்.
இலங்கை அணிக்குக் கேட்டிருக்கிறார்கள்.
அப்பப்பா பிறந்தது காரைநகர் என்று
ஒரு தாள் வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.
கச்சேரியில் வெள்ளி என்றால்
எந்த வெள்ளி என்று அவனுக்குத் தெரியாது.

விதியையும் இணைத்திருக்கிறான்.
நீ பிறந்த நாடு.
இல்லையென்றால் தாயோ தகப்பனோ பிறந்த நாடு.
இல்லையென்றால் அவர்களைப் பெற்ற நால்வரில் ஒருவர்.
அதுவும் இல்லையென்றால்
ஐந்து வருடம் விடாமல் குடியிருந்த நாடு.
நாலு வாசல்.
எங்கள் கந்தோருக்கே இரண்டுதான்.

காரைநகர்ப் பேரேடுகளை இறக்கினேன்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
செல்லரித்த ஓரம் மடியில் உதிர்ந்தது.
பெயரில்லாமல் 'ஆண்' என்று மட்டும் கிடந்த பிள்ளைகள்,
பின்னாளில் சிவப்பு மையில் பெயர் கிடைத்தவர்கள்,
தகப்பன் தொழில்: சுருட்டுக் கடை, காலி.
அரியகுட்டி இல்லை.

அகப்பட்டது எழுபத்துநாலில்,
மூளாய் ஆஸ்பத்திரியில் பிறந்த
ஒரு பெண்பிள்ளையின் பதிவில்.
தகப்பன்: க. அரியகுட்டி, ஆசிரியர்.
தகப்பன் பிறந்த இடம்: தைப்பிங், மலாயா.
தாய் பிறந்த இடம்: சிரம்பான்.
மூத்தவன், அதாவது நேதனின் அப்பா,
படிப்பிக்கப் போன இடத்தில், சாம்பியாவில் பிறந்தவராம்.
அதை நேதனே எழுதியிருக்கிறான்,
அது ஒரு பொருட்டில்லை என்பதுபோல.

ஆக இங்கே பிறந்தது மாமி ஒருத்திதான்.
விதியில் மாமிக்கு இடமில்லை.

சிவன்கோயிலில் ஏழாம் திருவிழா அவர்களுடையது,
வயல் இருக்கிறது, தோம்பில் பெயர் இருக்கிறது,
கோபம் வந்தால் தைப்பிங்கிலும்
காரைநகர்ப் பேச்சுத்தான் வந்திருக்கும்.
இதையெல்லாம் எழுத
எந்தக் கூண்டும் விடவில்லை அச்சடித்தவன்.

மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்து
அதே விதியை என்மேல் போட்டுப் பார்த்தேன்.
நாட்டுக்கு அல்ல, ஊருக்கு.
கிளித்தட்டு என்றே வைத்துக்கொள்வோம்:
நான் எந்த ஊருக்கு இறங்கலாம்?
பிறந்தது சாவகச்சேரி, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில்,
இடப்பெயர்வின் ஆறாம் நாள்.
கரும்பலகையில் பின்னக் கணக்கு அழியாமல் இருந்ததாம்.
அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.
அப்பா வழியில் மயிலிட்டி.
காணி விட்ட வருடம் முதன்முதல் போனபோது
எனக்கு இருபத்திரண்டு வயது,
எங்கள் கிணற்றை எங்களுக்கு
ஒரு பக்கத்துக் காணிக்காரர் காட்டினார்.
விடாமல் குடியிருந்தது என்றால் மல்லாகம் முகாம்,
இருபத்தொரு வருடம்,
அட்டையில் 'தற்காலிகம்' என்று போட்டு.
ஐந்து வருடம் போதுமென்றால்
நான் அந்த முகாமுக்கு நாலு தடவை தகுதி.
சட்டை நிறம் கேட்டால் தறப்பாள் நீலம்.

சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை அற்புதராணி
என்னவென்று கேட்டா.
ஒன்றுமில்லை என்றேன்.

பதில்: தேடப்பட்டது. பதிவு காணப்படவில்லை.
அதற்குக் கீழே,
மலேசியாவுக்கு உமக்கு வழியுண்டு,
சாம்பியாவுக்குத் தகப்பனாலேயே உண்டு,
அங்கே பதின்மூன்று பேர் சேருவார்களோ தெரியாது என்று எழுதி
அழித்தேன்.
அவன் அனுப்பிய படத்தில்
பந்தை நெஞ்சோடு அணைத்து
இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறான்,
கிளி எட்டித் தொட, காற்றுத்தான் கையில்.
அதையும் எழுதி அழித்தேன்.
இலங்கைச் சட்டையில் என்ன படம் என்பது
என் மேசைக்கு வருகிற வேலையில்லை.

முத்திரை குத்தினேன்.
யன்னலில் அடுத்த ஆள் நின்றார்,
பாஸ்போட்டுக்கு அவசரம்,
பெயரில் ஒரு குற்று விட்டுப்போச்சாம்,
அது இல்லாமல்
அவர் வேறு யாரோவாம்.